வெயில் வராத பால்கனி: செடியை மாடிக்கு ஏற்றுவதா, விளக்குப் போடுவதா, செடியையே மாற்றுவதா?

அடுக்குமாடி வீட்டில் செடி வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். செடிதான் வேறு வேறு. "தக்காளி நாத்து நூல் மாதிரி நீண்டு சாஞ்சிடுது." "துளசி வெளுத்துப் போச்சு, இலை சின்னச் சின்னதா வருது." "குண்டுமல்லி தழையாத் தள்ளுது, ஒரு மொட்டுகூட இல்லை." இப்படிச் சொல்லிவிட்டு எல்லாரும் வந்து நிற்கிற இடமும் ஒன்றுதான்: என்ன உரம் போடலாம்?

உரம் வேண்டாம். செடிக்கு வெயில் போதவில்லை. அதைச் சரிசெய்ய நான்கு வழிகள் இருக்கின்றன: இருக்கிற வெளிச்சத்தையே கொஞ்சம் கூட்டலாம், செடியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோகலாம், எல்இடி விளக்குப் போடலாம், அல்லது அந்தச் செடியை விட்டுவிட்டு நிழலில் வளரும் செடிக்கு மாறலாம். எதுவும் இலவசமில்லை. காசு வாங்காதது முழங்காலைக் கேட்கும். முழங்காலைக் கேட்காதது கரண்டு பில்லைக் கேட்கும்.

## செடி ஏன் வெளுக்கிறது

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஓட்டிலோ சட்டியிலோ எருவும் மண்ணும் போட்டு, ஊறவைத்த நவதானியத்தை விதைத்து, இருட்டு அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வருவார்கள். ஒரு வாரம், பத்து நாளில் பயிர் முழ உயரம் எழுந்து நிற்கும். வெளிர்மஞ்சள் நிறம், வெயிலில் வளர்ந்த பயிரின் பச்சை துளியும் இருக்காது. தலையில் சுமந்து ஊர்வலம் போகும்போது அந்த மஞ்சள்தான் அழகு. அதே மஞ்சள் நம் தக்காளி நாற்றில் வந்தால் நோய் என்கிறோம்.

இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றே. பூக்கும் தாவரங்களில் பச்சையம் உருவாகும் கடைசிப் படிகளில் ஒன்றுக்கு வெளிச்சம் பட்டே ஆகவேண்டும். இருட்டில் அதற்கு முந்தைய பொருள்வரை தயாராகி, அங்கேயே காத்திருக்கும். அதனால்தான் இருட்டில் முளைத்த பயிரை வெளியே எடுத்து வைத்தால் சில மணி நேரத்திலேயே பச்சை ஏறத் தொடங்குகிறது.

நீளுவதற்குக் காரணம் வேறு. விதைக்குள் இருக்கும் கட்டுச்சோறு தீர்வதற்குள் மண்ணைத் தாண்டி வெளிச்சத்தைப் பிடித்தாகவேண்டும். ஆகவே இலையை விரிக்காமல், தண்டைத் தடிமனாக்காமல், இருப்பதையெல்லாம் உயரத்தில் போடுகிறது செடி. வெளிச்சத்தை உணரும் நிறமி ஒன்று செடிக்குள் இருக்கிறது. பைட்டோகுரோம் என்று பெயர். 1959-இல் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். சிவப்பு ஒளிக்கும், கண்ணுக்கு மங்கலாகவே தெரியும் தொலைசிவப்பு ஒளிக்கும் உள்ள விகிதத்தை இந்த நிறமி கண்காணிக்கிறது. இலைகள் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விட்டுவிடும். அதனால் மரத்தடியில் நிற்கும் செடி 'மேலே யாரோ இருக்கிறார்கள்' என்று தெரிந்துகொண்டு இன்னும் வேகமாக நீளும்.

நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. மரநிழலும் சுவர்நிழலும் ஒன்றல்ல. எதிரே வேப்பமரம் மறைக்கும் பால்கனியில் நாற்று நீளும் அளவுக்கு, எதிர்வீட்டுச் சுவர் மறைத்து வானம் மட்டும் தெரியும் பால்கனியில் நீளாது.

## முதலில், குறை வெளிச்சத்தில்தானா என்று பாருங்கள்

செடி வெளுக்க வேறு காரணங்களும் உண்டு. அடியில் உள்ள பழைய இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. நுனியில் உள்ள இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. வெளிச்சக் குறைவின் அடையாளம் நிறத்தைவிட வடிவத்தில்தான் தெளிவாகத் தெரியும்: கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போகும், புது இலை பழைய இலையைவிடச் சிறியதாக வரும், செடி முழுக்க ஜன்னல் பக்கம் சாயும்.

இதைப் பார்க்காமல் யூரியா போட்டால் நிலைமை மோசமாகும். தழைச்சத்து கிடைத்ததும் செடி இன்னும் வேகமாக நீளும். தண்டு இன்னும் மெலியும். தண்ணீரும் அப்படித்தான். வெளிச்சம் குறைந்த செடி குறைவாகவே தண்ணீர் குடிக்கும். வெயிலில் நிற்கும் செடிக்கு ஊற்றுவதுபோலத் தினமும் ஊற்றினால் வேர் அழுகும், அழுகிய வேரால் இலை மஞ்சளாகும், மஞ்சளைப் பார்த்து நாம் மறுபடி உரம் போடுவோம். என் முதல் இரண்டு துளசியும் இந்தச் சுற்றில்தான் போய்ச் சேர்ந்தன.

## எதை வைத்து முடிவு செய்வது

எவ்வளவு வெளிச்சம் வருகிறது. நம் கண்ணை நம்பக் கூடாது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு இருக்கும். திறந்தவெளி நிழலில் பத்தாயிரம் போல. ஜன்னல் ஓரத்து மேசையில் ஆயிரம், இரண்டாயிரம். டியூப்லைட் எரியும் ஹாலில் இருநூறு முந்நூறு. உச்சி வெயிலுக்கும் ஹாலுக்கும் முந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் கண் இரண்டிலும் பேப்பர் படித்துவிடுகிறது. செடிக்கு அந்த வசதி இல்லை. கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி போட்டுப் பார்க்கலாம், தோராயமாகச் சொல்லும். அதுவும் வேண்டாமென்றால் ஒரு வெள்ளைத்தாள் போதும். பகல் பன்னிரண்டு மணிக்குச் செடி வைக்கும் இடத்தில் தாளை வைத்து, ஓரடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். கலங்கலாக விழுந்தால் நடுத்தரம். நிழலே தெரியவில்லையென்றால் அங்கே காய்கறி வராது.

எந்த மாதத்தில் வருகிறது. இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஆக, வடக்குப் பார்த்த பால்கனியில் மே, ஜூன், ஜூலையில் காலையிலும் மாலையிலும் வெயில் எட்டிப் பார்க்கும். டிசம்பரில் சுத்தமாக இருக்காது. தெற்குப் பார்த்த பால்கனியில் நேர்மாறு. டிசம்பரில் வெயில் உள்ளே வரை வரும், ஜூனில் எட்டிக்கூடப் பார்க்காது. நாகர்கோவில் போல இன்னும் தெற்கே போனால் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும் காலம் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நீளும். கிழக்குப் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள், ஆண்டு முழுக்கக் காலை வெயில் உண்டு.

மே மாதம் வீடு பார்த்து, 'பால்கனியில் வெயில் வருதே' என்று குடிவந்து, கார்த்திகையில் செடி வெளுத்தபோதுதான் எனக்கு இது புரிந்தது. வீட்டுத் தரகர் பொய் சொல்லவில்லை. நான்தான் பூமி சாய்ந்து சுற்றுவதை மறந்துவிட்டேன்.

உங்களுக்கு என்ன வேண்டும். காயா, பூவா, கீரையா, சும்மா பச்சையாக இருந்தால் போதுமா? காய்க்கவும் பூக்கவும் செடிக்கு நிறைய மிச்சம் பிடிக்கவேண்டும். வெளிச்சத்தில் சமைத்ததில் தன் மூச்சுக்குச் செலவானது போக மீதிதான் பூவும் காயும். நம் ஊர் இரவு வெக்கையில் செடியின் மூச்சுச் செலவு அதிகம். ஊட்டியில் மங்கலான ஜன்னலில் தாக்குப்பிடிக்கும் செடி சென்னையில் அதே வெளிச்சத்தில் மெலிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

யார் பார்த்துக்கொள்வார்கள், சொந்த வீடா வாடகையா. இரண்டையும் ஒவ்வொரு வழியோடும் சேர்த்தே பார்க்கலாம்.

## முதல் வழி: இருக்கிற வெளிச்சத்தைக் கூட்டுவது

சுலபமானது, சின்னது. செடியைச் சுவரோரத்திலிருந்து கைப்பிடிக் கம்பிப் பக்கம் இரண்டடி தள்ளி வையுங்கள். சிரிக்காதீர்கள், பால்கனிக்குள் இரண்டடிக்கே வெளிச்சம் பாதியாகக் குறையும் வீடுகள் உண்டு. பால்கனிச் சுவர் கரும்பச்சையோ காவியோ என்றால் வெள்ளையடியுங்கள். கொசுவலையைக் கழுவுங்கள்; தூசி பிடித்த வலை கணிசமான வெளிச்சத்தைத் தின்றுவிடும். மெயின் ரோட்டுப் பக்கம் இருப்பவர்கள் இலையையும் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். தொட்டியை வாரம் ஒருமுறை கால்வட்டம் திருப்பினால் சாய்வு குறையும்.

ஏற்கெனவே கலங்கலான நிழல் விழும் இடமாக இருந்து, கற்பூரவல்லி, புதினா போன்ற செடி கொஞ்சமாக வெளுத்திருந்தால் இது போதும். நிழலே விழாத இடத்தில் வெள்ளையடித்து என்ன பயன்? இல்லாத வெளிச்சத்தைச் சுவர் எங்கிருந்து திருப்பி அனுப்பும்?

மறைவான செலவு வாடகை வீட்டில்தான். சுவர் நிறத்தை மாற்றினால் காலி செய்யும்போது அட்வான்ஸில் கை வைப்பார்கள். வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைச் செடிக்குப் பின்னால் நிற்கவைத்தால் அதே வேலையைச் செய்யும்.

## இரண்டாம் வழி: மொட்டை மாடிக்குக் கொண்டுபோவது

வெளிச்சத்தைப் பொறுத்தவரை இதற்கு இணை கிடையாது. தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், ரோஜா, மல்லி எல்லாம் கேட்பது நாளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில். அதைக் காசில்லாமல் கொடுக்கும் இடம் மாடி ஒன்றுதான். தோட்டக்கலைத் துறையும் மாடித்தோட்டப் பைகள், தேங்காய் நார்க்கழிவு, விதை சேர்ந்த தொகுப்பை மானிய விலையில் அவ்வப்போது கொடுத்திருக்கிறது.

கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஈரமண் நிறைந்த நடுத்தரத் தொட்டி ஒன்று சாதாரணமாகப் பதினைந்து கிலோ இருக்கும். இருபது தொட்டி என்றால் முந்நூறு கிலோ. அதைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரும் உத்தரமும் வரும் ஓரங்களில் பரப்பி வைக்கவேண்டும். மண் கலவையில் தேங்காய் நார்க்கழிவைக் கூட்டினால் எடை குறையும். தொட்டி நேரடியாகத் தரையில் உட்கார்ந்தால் அடியில் ஈரம் நின்று, ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு மேல்வீட்டுக் கூரையில் கறை தெரியும். செங்கல்லோ இரும்பு ஸ்டாண்டோ அவசியம். அடுக்குமாடியில் மாடி எல்லாருக்கும் பொது, அசோசியேஷனில் கேட்காமல் வைத்தால் செடியைவிடச் சண்டை வேகமாக வளரும். எங்கள் கட்டடத்தில் ஒரு கசிவுக்கு என் தொட்டிகள்தான் காரணம் என்று முடிவாகி, மூன்று கூட்டம் நடந்து, கடைசியில் பார்த்தால் தண்ணீர்த் தொட்டியின் குழாய். அதற்குள் செடிகளைக் கீழே இறக்கிவிட்டிருந்தேன்.

தண்ணீர் இன்னொன்று. கத்திரி வெயிலில் காலை மாலை இருவேளையும் ஊற்றவேண்டும். மாடியில் குழாய் இல்லையென்றால் இரண்டு வாளி, இரண்டு மாடி ஏற்றம், தினமும். மூன்று நாள் ஊருக்குப் போனால் அவ்வளவுதான். கறுப்புப் பை சூடேறி வேர் வேகும். ஏப்ரல், மே மாதங்களில் பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை நிழல்வலை கட்டாமல் முடியாது. வெயில் தேடி மாடிக்குப் போய், அங்கே பந்தல் போட்டு வெயிலை மறைக்கும் வேடிக்கை இது. அணிலுக்கும் கிளிக்கும் தக்காளி பழுக்கும் நாள் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

முக்கியமான ஒரு எச்சரிக்கை. வீட்டுக்குள் வெளுத்த செடியை ஒரே நாளில் மாடியில் வைக்காதீர்கள். நிழலில் வளர்ந்த இலை மெல்லியது, வெயிலைத் தாங்கும் காப்பு அதில் இல்லை. ஒரே மதியத்தில் இலை காகிதம்போல வெளுத்துக் கருகிவிடும். முதல் மூன்று நாள் காலை ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு, மூன்று என்று பத்து நாளில் பழக்குங்கள்.

யாருக்குப் பொருந்தும்? தனிவீட்டுக்காரர்களுக்கும், மாடியில் குழாய் இருப்பவர்களுக்கும், தினமும் மேலே போய்வர வீட்டில் ஒருவருக்காவது மனமும் காலும் இருக்கிறவர்களுக்கும். காய் வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழியே இல்லை.

## மூன்றாம் வழி: விளக்கு

'குரோ லைட்' என்று ஊதா நிறத்தில் எரியும் விளக்கை எல்லாரும் இணையக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் நீலமும் செடிக்கு அதிகம் பயன்படும் என்பதால் அந்த நிறம். ஆனால் நல்ல வெள்ளை எல்இடியிலும் இரண்டும் இருக்கின்றன, வீட்டில் வைக்க வெள்ளைதான் தோது. ஊதா வெளிச்சத்தில் இலையின் நிறமே தெரியாது. வெளுத்திருக்கிறதா பச்சையா என்று பார்க்க டார்ச் அடிக்கவேண்டும். பழைய குண்டு பல்பு உதவாது. சூடு அதிகம், தொலைசிவப்பும் அதிகம், செடியை இன்னும் நீட்டிவிடும்.

பெட்டியில் 'ஆயிரம் வாட்' என்று போட்டிருப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். சுவரிலிருந்து உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். அதுதான் கணக்கு.

இரண்டடிக்கு ஒன்றரை அடித் தட்டில் வெந்தயக்கீரையோ கொத்தமல்லியோ வளர்க்க, தரமான 30 வாட் விளக்கை முக்கால் அடி, ஓரடி உயரத்தில் தொங்கவிட்டு 12 மணி நேரம் எரித்தால் போதும். ஒரு நாளைக்கு 0.36 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 22 யூனிட். இது தாங்கக்கூடிய செலவுதான். ஆனால் நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. விளக்குக்கு ஆகும் யூனிட் எப்போதும் உங்கள் பில்லின் மேல்படியில்தான் போய் உட்காரும். கோடையில் ஏசி ஓடும் வீட்டில் இந்த 22 யூனிட் வேறு விலைக்கு வரும். விளக்கு வாங்கும் முன் போன பில்லை எடுத்துப் பாருங்கள்.

இப்போது தக்காளிக்கு வருவோம். ஒரு செடி ஒழுங்காகக் காய்க்க 100 வாட் அளவுக்கு வேண்டியிருக்கும். 14 மணி நேரம் எரித்தால் நாளுக்கு 1.4 யூனிட், நான்கு மாதத்துக்கு 168 யூனிட். இரண்டு மூன்று கிலோ காய்த்தாலே பெரிது. அந்தத் தக்காளியைத் தங்கத் தட்டில் வைத்துத்தான் சாப்பிடவேண்டும்.

தூரம்தான் விளக்கின் சூட்சுமம். உயரத்தை இரட்டிப்பாக்கினால் சின்ன பல்பிலிருந்து செடிக்குக் கிடைக்கும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். ஹால் கூரையில் மாட்டிவிட்டு 'விளக்குப் போட்டும் நாத்து நீளுதே' என்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். செடி உயர உயர விளக்கையும் உயர்த்தவேண்டும். அணைத்து எரிய டைமர் வேண்டும்; கையால் போட்டு அணைக்கும் உற்சாகம் ஒரு வாரத்தில் போய்விடும். மழைச்சாரல் அடிக்கும் பால்கனியில் சாதாரண வயரிங் ஆபத்து, விளக்கை அறைக்குள்தான் வைக்கவேண்டும். ராத்திரி எரியவிட்டால் ஈசலும் பூச்சியும் வரும், அவற்றின் பின்னாலேயே பல்லி வரும். பகலில் எரியவிடுங்கள்.

ஒரு காசில்லாத துணை வேலை: நாற்றுகளின் தலையை நாளுக்கு இரண்டுமுறை உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொடுங்கள், அல்லது மின்விசிறிக் காற்று லேசாகப் படட்டும். அசைவு பட்டால் செடி நீளுவதைக் குறைத்துத் தண்டைத் தடிப்பாக்கும். குழந்தைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

விளக்கு உண்மையில் கைகொடுப்பது நாற்றுப் பருவத்துக்கு. மூன்று நான்கு வாரம் விளக்கடியில் குட்டையும் திடமுமாக நாற்றைத் தயார்செய்து மாடிக்கோ ஊர்த் தோட்டத்துக்கோ அனுப்புகிறவர்களுக்கு நல்ல முதலீடு. ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் வானம் மூடிக்கிடக்கும்போது மாடியில்கூட நாற்று நீளும், அப்போதும் உதவும். கீரைக்குச் சரி. காய்க்கு வேண்டாம்.

## நான்காம் வழி: செடியை மாற்றுவது

எனக்குப் பிடித்த வழி இது. பலருக்குத் தோற்றுப்போனதுபோலத் தோன்றுகிற வழியும் இதுதான். நான் மூன்று வருடம் தக்காளியோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் இங்கே வந்தேன்.

நிழல் செடி என்றவுடன் மணிபிளாண்ட், மருள் (ஸ்நேக் பிளாண்ட்), ஸீஸீ செடி என்று நர்சரிக்காரர் எடுத்துக் காட்டுவார். பராமரிப்பு கேட்காதவை, உண்மைதான். மருள் இரண்டு வாரம் தண்ணீர் இல்லாமல் இருக்கும். ஆனால் வெளிச்சமே இல்லாத இடத்தில் இவையும் வளர்வதில்லை, சாகாமல் இருக்கின்றன, அவ்வளவுதான். வெள்ளைக் கோடு போட்ட மணிபிளாண்டை மங்கலான இடத்தில் வைத்தால் கோடு மறைந்து முழுப்பச்சையாகிவிடும். பச்சையம் இல்லாத வெள்ளைப் பகுதி செடிக்கு அந்த வெளிச்சத்தில் கட்டுபடியாகாது. இந்த மூன்றையும் மென்றால் வாயும் தொண்டையும் அரிக்கும் அல்லது வயிற்றைப் பிரட்டும்; தவழும் குழந்தையும் பூனையும் இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அழகுச்செடியோடு நிற்கவேண்டியதில்லை. சாப்பிடுகிற நிழல்செடிகள் நம்மிடமே இருக்கின்றன. முதலில் வெற்றிலை. சோழவந்தான் பக்கம் கொடிக்காலுக்குள் போனவர்களுக்குத் தெரியும், உள்ளே நுழைந்ததும் வெக்கை குறைந்து குளிரும். முதலில் அகத்தியை வளர்த்து, அந்த நிழலில்தான் கொடியை நட்டு ஏற்றுகிறார்கள். வெயிலை மறைப்பதற்காகவே ஒரு மரத்தைப் பயிர்செய்கிற பயிர் அது. வடக்குப் பால்கனி அதற்கு அம்மா வீடு மாதிரி. ஒரு குச்சி, ஈரம் காயாத மண், வடிகால், இவ்வளவு போதும். நேர் வெயில் பட்டால்தான் வெற்றிலை மஞ்சளாகும். ஏசியின் வெளிப்பெட்டி ஊதும் சூடான காற்றுக்கு முன் மட்டும் வைக்காதீர்கள், இரண்டு நாளில் முறுகிவிடும்.

மிளகுக்கொடியும் நிழல் தாங்கும். இலைக்காக வளர்க்கலாம், காய் எதிர்பார்க்காதீர்கள். வல்லாரை, புதினா, கற்பூரவல்லி மூன்றும் காலை வெயில் ஒரு மணி நேரம் கிடைத்தாலே சமாளிக்கும். இஞ்சியும் மஞ்சளும் பாதி நிழலில் வரும், கிழங்கு சின்னதாக இருக்கும். கறிவேப்பிலையையும் துளசியையும் இந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். முடியாது. இரண்டும் வெயில் செடிகள்.

செலவென்று பார்த்தால் பணத்தைவிட மனம்தான். வாரத்துக்கு நாலு தக்காளி பறிக்கும் ஆசையை விடவேண்டும். இன்னொன்று, நிழலில் மண் காயத் தாமதமாகும். விரலை ஒரு கணு மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். நிழல்செடிகள் பெரும்பாலும் சாவது நாம் பாசத்தில் ஊற்றும் தண்ணீரால்.

## நான்கும் ஒரே பார்வையில்

| | வெளிச்சத்தைக் கூட்டுவது | மொட்டை மாடி | விளக்கு | செடியை மாற்றுவது |
|---|---|---|---|---|
| என்ன கிடைக்கும் | லேசாக வெளுத்தது தேறும் | காய், பூ, கீரை எல்லாம் | நாற்று, கீரை | வெற்றிலை, மூலிகை, அழகுச்செடி |
| முதல் செலவு | மிகக் குறைவு | நிழல்வலை, ஸ்டாண்ட், பைகள் | விளக்கு, டைமர் | செடி விலை மட்டும் |
| தொடர் செலவு | இல்லை | தினசரி உழைப்பு, தண்ணீர் | மின்சாரம் | கிட்டத்தட்ட இல்லை |
| தெரியாமல் வரும் தொல்லை | வாடகை வீட்டுச் சுவர் | கசிவு, அசோசியேஷன், அணில் | பில்லின் மேல்படி, பூச்சி | அதிகத் தண்ணீர் |
| வாடகை வீட்டுக்கு | அட்டை வைத்தால் சரி | உரிமையாளர் சம்மதம் வேண்டும் | சரி, கையோடு எடுத்துப் போகலாம் | மிகச் சரி |

இரண்டைச் சேர்ப்பதிலும் தவறில்லை. என் வீட்டில் இப்போது பால்கனியில் இரண்டு வெற்றிலைக்கொடி, ஒரு கற்பூரவல்லி, வல்லாரைத் தட்டு ஒன்று. படிக்கும் அறையில் 30 வாட் விளக்கடியில் ஊருக்கு அனுப்பும் கத்தரி, மிளகாய் நாற்று, ஆடிப் பட்டத்துக்கு முந்தைய ஒரு மாதம் மட்டும். மாடிக்குப் போவதில்லை, கூட்டங்கள் போதும்.

## ஏற்கெனவே நீண்டுவிட்ட செடியை என்ன செய்வது

நீண்ட தண்டு திரும்பச் சுருங்காது. வெளிச்சத்துக்கு மாற்றிய பின் வரும் புது இலைகள்தான் ஒழுங்காக வரும். துளசி, கற்பூரவல்லி, மணிபிளாண்ட் போன்றவற்றை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டிவிடுங்கள். பக்கக் கிளை வெடித்துப் புதராகும், வெட்டிய துண்டையும் நட்டுக்கொள்ளலாம். ஆனால் முதலில் இடத்தை மாற்றி, புதுத் தளிர் கண்ட பிறகு வெட்டுங்கள். மெலிந்த செடியை மங்கலான இடத்திலேயே வைத்து வெட்டினால் தளிர் விடச் சத்து இருக்காது.

தக்காளி நாற்றுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. தண்டு முழுவதும் வேர்விடும் என்பதால், நீண்ட பகுதியை விதையிலைக்குக் கீழ் வரை மண்ணில் இறக்கி நட்டுவிடலாம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அவ்வளவு ஆழம் வேண்டாம். கீரை நாற்று நூலாகிவிட்டால் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி விதைப்பதே லாபம், பத்து நாள்தான் போகும்.

உருண்டைக் கள்ளி நுனியில் கூம்பாக நீண்டிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. வெயிலுக்குப் பழக்கியபின் மேலே மறுபடி பருக்கும். நடுவில் அந்த ஒடுங்கிய இடுப்பு அப்படியே நிற்கும், எந்த வருடம் அதை ஜன்னலில்லாத மூலையில் வைத்தோம் என்று எண்ணிச் சொல்லலாம்.